ஊருக்குள் நான்கு அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தால் எதில் சேர்ப்பது? நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன மார்ச் மாதம் ஒரே வாரத்தில் மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து போனார்கள். கையில் நோட்டு, துண்டறிக்கை. "பையனுக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சாமே, நம்ம பள்ளியிலயே சேத்துடுங்க" என்று மூவரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். மூன்றுமே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள். மூன்றிலும் அதே பாடநூல், அதே சீருடை, அதே சத்துணவு. காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் பேரூராட்சியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அதற்குள் நான்கு தொடக்கப் பள்ளிகள்.

எதில் சேர்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பேச்சு "கவர்மென்டா, பிரைவேட்டா" என்பதிலேயே நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளி என்று முடிவெடுத்த பிறகு எந்த அரசுப் பள்ளி என்று சொல்ல ஆளில்லை. எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. ஒன்றில்லை. அரை கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம்.

மூத்த மகளைச் சேர்த்தபோது இது எனக்குத் தெரியாது. புதுக் கட்டடம், சுவரெல்லாம் படம், வீட்டுக்கும் பக்கம் என்று சேர்த்துவிட்டேன். 3ஆம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "ம... ர... த்... தி... ல்" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மரத்தில் என்று சேர்த்துச் சொல்ல வரவில்லை. அவள் வகுப்புக்கு ஒன்றரை ஆண்டாக நிலையான ஆசிரியரே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேறு பள்ளிக்கு மாற்றி, ஒரு வருடம் தினமும் மாலையில் கூடவே உட்கார்ந்துதான் அவளைத் தேற்றினோம். இளையவனுக்கு இப்படி ஆகக் கூடாது என்று ஒரு மாதம் நான்கு பள்ளிகளையும் சுற்றிப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதையும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி: பட்டியல் போடுங்கள்

பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். மார்ச் முதல் சேர்க்கை வேலை சூடுபிடித்துவிடும், ஏப்ரலில் தேர்வு, மே மாதம் பள்ளி பூட்டிக்கிடக்கும். வகுப்பு நடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரியும் மார்ச்சும்தான் நல்ல மாதங்கள்.

பிள்ளை நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிகளை எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிக்குக் குறித்த தூரம் 1 கிலோமீட்டர். சிறு ஊரில் அந்த வட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று கிடைக்கும். தூரத்தோடு வழியையும் பாருங்கள். எங்கள் பட்டியலில் மிக அருகில் இருந்த பள்ளிக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். சற்றுத் தள்ளியிருந்த பள்ளிக்குத் தெருவுக்குள்ளேயே போய்விடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் அருகில்.

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் ஒன்று உண்டு. நாடு முழுக்கப் பள்ளிகளை அடையாளம் காட்டும் அரசுப் பதிவு எண் அது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். பெரும்பாலும் பெயர்ப் பலகையிலோ அலுவலக அறையிலோ எழுதியிருப்பார்கள். யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை எல்லாம் வரும். அது பள்ளியே நிரப்பிக் கொடுத்த விவரம், சில மாதங்கள் பழையதாகவும் இருக்கும். அதனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், நேரில் போகும்போது கேள்வி கேட்க வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் மூன்று ஆசிரியர், பள்ளியில் இரண்டு பேர் என்றால் மூன்றாமவர் எங்கே என்று கேட்கலாம் அல்லவா?

இரண்டாம் படி: யார் நடத்தும் பள்ளி என்று பாருங்கள்

ஒன்றியமும் பேரூராட்சிப் பகுதியும் என்றால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நகராட்சி என்றால் நகராட்சித் தொடக்கப் பள்ளி. இவற்றில் 1 முதல் 5 வரை. நடுநிலைப் பள்ளி என்றால் 8 வரை ஒரே வளாகம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், பல மாவட்டங்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் உண்டு. இதற்கு மேல் அரசு உதவி பெறும் பள்ளிகள். சபையோ அறக்கட்டளையோ குடும்பமோ நிர்வாகம் செய்யும், ஆசிரியர் சம்பளம் அரசு தரும்.

பெற்றோருக்கு இதில் தெரிய வேண்டியது இரண்டுதான். அரசுப் பள்ளியில் ஆசிரியர்கள் இடமாறுதல் கலந்தாய்வில் மாறிக்கொண்டிருப்பார்கள். நல்ல டீச்சர் ஒருவரை நம்பிச் சேர்த்தால் அடுத்த வருடம் அவர் வேறு ஊரில் இருக்கலாம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். அது நல்லவருக்கும் பொருந்தும், அப்படி இல்லாதவருக்கும் பொருந்தும். இன்னொன்று, சில உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு மட்டும் சுயநிதியில் நடக்கும், அதற்குக் கட்டணம் உண்டு. "இந்தப் பிரிவு உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆசிரியர் கணக்கு

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு இப்படிச் சொல்கிறது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. அதாவது 55 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால் சட்டப்படி சரி. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவு போடுவது, சத்துணவுக் கணக்கு, கூட்டம், வட்டாரக் கல்வி அலுவலகம் என்று அவருக்கு வேலை ஓயாது. இன்னொருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் அன்று ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள்.

ஆகவே "எத்தனை ஆசிரியர்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். நான் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்ட கேள்விகள் இவை. இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போனவர் உண்டா? காலியிடம் உண்டா, இருந்தால் எப்போதிலிருந்து? 1ஆம் வகுப்பை யார் எடுக்கிறார், எத்தனை வருடமாக எடுக்கிறார்? தற்காலிக ஆசிரியர் யாராவது இருந்தால் அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள்; மெதுவாகக் கேளுங்கள். ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டு வைத்த ஆசிரியர் என்றால் அவர் அடுத்த ஜூனில் இருப்பாரா என்பதற்கு உறுதியில்லை.

அதற்காக ஈராசிரியர் பள்ளி என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்காகத் தொடங்கியது, பிறகு 4, 5க்கும் வந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிப்பதில்லை, வாசிக்கும் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பது இந்த முறையில் இயல்பானது. நன்றாகச் செய்யும் ஆசிரியர் கையில் இது அற்புதமாக நடக்கிறது.

நான் பார்த்த ஒரு சிறு பள்ளியில் 22 பிள்ளைகள் ஒரே அறையில் மூன்று வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வட்டம் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தது. இன்னொன்று சொல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் மூன்றாவது வட்டத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பையன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் "கிளி பறந்தது" என்பதைக் "கிழி பறந்தது" என்று வாசித்தான். அவர் திருத்தவில்லை. "கிழிச்சா என்ன ஆகும்?" என்று ஒரு பழைய தாளை எடுத்து மெதுவாகக் கிழித்தார். அவன் சிரித்துவிட்டு அட்டையை இன்னொரு முறை பார்த்து "கிளி" என்றான். இதைச் செய்ய அவருக்கு அரை நிமிடம் ஆனது. 45 பிள்ளைகள் இருக்கும் அறையில் அந்த அரை நிமிடம் கிடைக்காது. நான்கு ஆசிரியர் இருந்த பெரிய பள்ளியில் 1ஆம் வகுப்பில் மட்டும் 40க்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள்.

நான்காம் படி: சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

ஆண்டு விழா, விளையாட்டு விழா, சேர்க்கைத் திருவிழா நாளில் எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். செவ்வாயோ புதனோ, காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். நேராக வகுப்பறைக்குப் போகாதீர்கள். எச்.எம்.மைப் பார்த்து, "பையனை ஒண்ணாவதுல சேக்கணும் சார், வகுப்பை ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "இன்னைக்கு வேண்டாம், வேறொரு நாள் வாங்க" என்றால் போய்விட்டு இன்னொரு நாள் போங்கள். இரண்டு முறையும் அதே பதில் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் சுவரைப் பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள். 2ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். எழுத்து முத்து முத்தாக இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து வரைந்த எழுத்தா, தானே எழுதியதா என்பதுதான் கேள்வி. நான்கு நோட்டிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே இடத்தில் ஒரே பிழை என்றால் அது பார்த்து எழுதியது. ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு வாக்கியங்கள், வேறு வேறு பிழைகள் என்றால் அந்த வகுப்பில் பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள். பிழை இருப்பது நல்ல அடையாளம்.

திருத்தலையும் பாருங்கள். என் மகளின் பழைய நோட்டில் பத்துப் பக்கத்துக்கு ஒரு பெரிய டிக், கீழே தேதி, அவ்வளவுதான். நான் கடைசியில் தேர்ந்தெடுத்த பள்ளியில் ல, ள, ழ மாறிய இடத்தில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் சரியான சொல், அதன் கீழே பிள்ளை தன் கையால் மூன்று முறை எழுதியது. யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு வரியையும் வாசித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வகுப்பறை நூலகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஊஞ்சல் சிறார் இதழ் அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. அவை பீரோவில் பளபளப்பாக அடுக்கியிருந்தால் வருத்தமான விஷயம். ஓரம் மடங்கி, அட்டை பிரிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தால் பிள்ளைகள் கையில் புழங்குகின்றன என்று அர்த்தம். திறன் வகுப்பறையும் (ஸ்மார்ட் கிளாஸ்) இப்படித்தான். திரை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், போன வாரம் அதில் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா?

பள்ளிக்குள் போய் அடுத்தவர் பிள்ளையைச் சோதிப்பது சரியில்லை. ஆசிரியர் முன்னால் தடுமாறினால் அந்தப் பிள்ளைதான் கூனிக் குறுகிப்போகும். சிறு ஊரில் அதற்குத் தேவையும் இல்லை, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் மாலையில் நம் தெருவில்தான் விளையாடுகிறார்கள்.

ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரைப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் பொறுக்காதீர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி என்ன செய்கிறது என்பதை அந்தப் பிள்ளைதான் காட்டும். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பிலும் இப்படித்தான் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள்: எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, பிறகு 2ஆம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல். நீங்களும் அதையே செய்யலாம். அவர்கள் பார்த்திராத புத்தகமாக இருக்க வேண்டும். பாடநூல் என்றால் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும். 52இல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 35 என்று சொல்லும் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. முறை தெரியாமல் விடை மட்டும் பழகியிருக்கிறது என்று புரியும்.

நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குக் கண்ணாடி இல்ல, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு கண்ணு" என்று கொடுத்தேன். யாரும் சோதனை என்று நினைக்கவில்லை. நான்கு பள்ளிகளில் ஒன்றில் மட்டும், வீட்டில் யாருமே பள்ளிக்குப் போகாத பெண் ஒருத்தி, ஒரு பக்கம் முழுக்க நிறுத்தி நிதானமாக வாசித்தாள். என் முடிவில் பாதி அந்தத் திண்ணையிலேயே எடுத்தாகிவிட்டது.

ஆறாம் படி: தமிழ் வழியா, ஆங்கில வழியா

அரசுப் பள்ளிகளில் பல இடங்களில் இரண்டு வழியும் உண்டு. சிறு பள்ளிகளில் நடப்பது என்ன தெரியுமா? ஒரே அறை, ஒரே ஆசிரியர், பாதிப் பிள்ளைகள் கையில் தமிழ்ப் புத்தகம், பாதிப் பிள்ளைகள் கையில் ஆங்கிலப் புத்தகம். பாடம் நடப்பது தமிழில். ஆங்கில வழி என்று எழுதியிருப்பதை நம்பாமல், அந்தப் பிரிவுக்குத் தனி ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 முதல் இருக்கிறது. அதற்கு இப்போது 1ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ் கேட்கிறார்கள். ஐந்து வயதில் பேருக்கு ஆங்கில வழி என்று டிக் அடித்துவிட்டால் பின்னால் அந்தக் கதவு மூடிவிடும். என் மகனைத் தமிழ் வழியில்தான் சேர்த்தேன். அதற்கு இந்த ஒதுக்கீடு மட்டும் காரணமில்லை. வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளை இன்னொரு மொழிக்குத் தயங்காமல் போகும் என்பதை மகளிடமே பார்த்துவிட்டேன்.

உயர்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றியும் கேட்பார்கள். மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. அதற்குக் கணக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. புதுமைப்பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப்புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களில் உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கும் 6ஆம் வகுப்பிலிருந்துதான் பார்ப்பார்கள்; அவற்றில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களும் உண்டு. ஆகவே தொடக்கப் பள்ளி உதவி பெறும் பள்ளியாக இருந்தாலும் இவை எதுவும் கைவிட்டுப் போகாது. ஆனால் அதே வளாகத்தில் 8 வரை தொடரும் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி என்றால், 5 முடிந்ததும் மாற்றுவீர்களா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். போன வருடம் 5ஆம் வகுப்பு முடித்தவர்கள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்று கேட்டால் இதற்கான வழியும் தெரியவரும்.

ஏழாம் படி: தண்ணீர், கழிப்பறை, அடுப்படி

கழிப்பறையைக் காலையில் பார்த்துப் பயனில்லை. மதிய உணவு முடிந்த பிறகு பாருங்கள். பூட்டியிருக்கிறதா? குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா? வாளியும் குவளையும் உண்டா? தாழ்ப்பாள் சின்னப் பிள்ளை கைக்கு எட்டுமா? பெண் பிள்ளைகளிடம் அவர்கள் அம்மா மூலமாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: பள்ளியில் கழிப்பறைக்குப் போகிறாயா, வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்கிறாயா? தண்ணீர்ப் பாட்டில் நிறைத்தபடியே திரும்பி வரும் பிள்ளைகள் நிறைய இருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகரப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எங்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். சமைப்பவர் கையில்தான் வித்தியாசம். எட்டரை மணிக்கு ஒரு நாள் போய் நின்று, பிள்ளைகள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள்.

கட்டடத்தை அழகுக்காகப் பார்க்காதீர்கள், ஆபத்துக்காகப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் அடுப்படித் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த நாளை மறந்த பெற்றோர் இல்லை. சத்துணவுக் கூடம் வகுப்பறையிலிருந்து தள்ளி இருக்கிறதா, மாடி என்றால் படிக்கட்டு எத்தனை, வகுப்பு நேரத்தில் வெளிவாசலுக்குப் பூட்டு போடுகிறார்களா, போட்டால் சாவி யாரிடம், கூரையில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிறதா, மின்சார ஒயர் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெல்டா ஊர்கள் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்றும் கேளுங்கள். எங்கள் பட்டியலில் ஒரு பள்ளியில் மழைக்கு இரண்டு வகுப்பை ஒரே அறைக்குள் அடைப்பது வழக்கமாகவே இருந்தது.

எட்டாம் படி: பேசத் தயங்கும் ஒரு விஷயம்

"நம்ம தெருப் பிள்ளைங்க யாரும் அந்தப் பள்ளிக்குப் போறதில்ல" என்று ஒருவர் சொன்னார். ஏன் என்று கேட்டால் பதில் சுற்றி வளைத்து வந்தது. சிறு ஊரில் பள்ளிகள் சாதி வாரியாகப் பிரிந்துபோவது இப்படித்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லாமல். அந்தப் பேச்சைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பள்ளியை ஒதுக்குவது பெரிய பாவம். அப்படி ஒதுக்கிய பள்ளியில்தான் ஊரிலேயே சிறந்த 1ஆம் வகுப்பு டீச்சர் இருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது.

பார்க்க வேண்டியது, பள்ளிக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நடத்தப்படுகிறார்களா என்பது. சாப்பாட்டு வரிசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள்? தண்ணீர்க் குவளை எல்லோருக்கும் ஒன்றா? பெருக்க, கழிப்பறை கழுவ என்று பிள்ளைகளை அனுப்புகிறார்களா, அனுப்பினால் எந்தப் பிள்ளைகளை? ஆசிரியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? இதில் ஒன்று தவறாக இருந்தாலும் அந்தப் பள்ளியில் உள்ள மற்ற எதுவும் எனக்கு அதை ஈடுகட்டாது.

உங்கள் பிள்ளைக்குப் பேச்சிலோ நடையிலோ கேட்பதிலோ குறை இருந்தால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். சாய்தளம் இருந்தால் அதில் சக்கர நாற்காலி உண்மையிலேயே ஏறுமா என்றும் பாருங்கள். பல இடங்களில் செங்குத்தாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: பெற்றோரிடம் பேசுங்கள்

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவராக இருக்கும் பெற்றோரைத் தேடிப் பேசுங்கள். "கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டீர்கள், அது நடந்ததா?" என்று கேட்டால் போதும். ஒருவர் எனக்குத் தீர்மான நோட்டையே காட்டினார்: குடிநீர்த் தொட்டி மூடி, மூன்று மாதத்தில் போட்டாகிவிட்டது. இன்னொரு பள்ளியில் தலைவராக இருந்த அம்மாவுக்குத் தான் தலைவர் என்பதே சரியாகத் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிப் போவார்களாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

பத்தாம் படி: ஒரே தாளில் எழுதி முடிவெடுங்கள்

மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். கழிப்பறைக்கு 8, ஆசிரியருக்கு 5 என்று கூட்டினால் நல்ல கட்டடம் ஜெயித்துவிடும். ஒரு பள்ளிக்கு ஒரு பக்கம் எடுத்து, பார்த்ததை வாக்கியமாக எழுதுங்கள். பிறகு இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். 1ஆம் வகுப்புக்கு அடுத்த ஜூனில் நிச்சயமாக ஒரு ஆசிரியர் இருப்பாரா? அந்தப் பள்ளியின் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் உதவி இல்லாத பிள்ளையும் வாசிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் வரும் பள்ளிகளுக்குள் தூரம், கழிப்பறை, விளையாட்டு மைதானம் எல்லாம் வைத்து ஒன்றைப் பிடியுங்கள். எந்தப் பள்ளிக்கும் இரண்டும் ஆம் என்று வரவில்லை என்றால் ஆசிரியர் இருக்கும் பள்ளியை எடுங்கள், வாசிப்பை வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கும்போது

1ஆம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருந்தால் சாதிச் சான்றிதழ், புகைப்படம் கொண்டு போங்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. நுழைவுத் தேர்வு, நன்கொடை இரண்டும் கூடாது. பிறந்த தேதி, பெயரின் எழுத்து, முன்னெழுத்து, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதை விண்ணப்பத்தில் அங்கேயே நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எமிஸில் ஏறிய பிழையைத் திருத்த அலைய வேண்டிவரும்.

தேர்ந்தெடுத்தது சரிப்படவில்லை என்றால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். ஒரு அரசு அல்லது உதவி பெறும் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பிள்ளைக்கு உரிமை உண்டு. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்கக் கூடாது. குறை இருந்தால் முதலில் வகுப்பு ஆசிரியர், அப்புறம் எச்.எம்., அப்புறம் மேலாண்மைக் குழு. அதிலும் தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

சேர்த்த முதல் மாதம் மாலையில் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "இன்னைக்கு டீச்சர் உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். என் மகன் ஜூன் மாதம் மூன்றாம் நாளே சொன்னான்: "எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. அப்புறம் அந்தப் பேரை போர்டுல எழுதுனாங்க."